சுற்றிச் செருகிய கயிறு

அந்தப் பையை அவிழ்ப்பதற்குள் பசியே அடங்கிவிடும் போலிருந்தது இன்சூரன்ஸ் அம்மாவுக்கு. கல்லூரி விளையாட்டரங்கின் வராந்தாவில், ஒரு கால் ஆடும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தன் உதவியாளனின் சாப்பாட்டுப் பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பையின் வாயைக் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அதன் நுனி எங்கோ உள்ளே செருகப்பட்டிருந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

"அடுத்தவன் சாப்பாட்டைத் திருடக் கொஞ்சம் கைத்திறமை வேணும் மேடம்," என்று பையை வாங்கிய வாலு, ஒரே இழுப்பில் அவிழ்த்துக் கொடுத்தான். "எங்க அக்கா கட்டினது. ஒரு வேலையை முடிச்சிட்டான்னா இப்படிச் சுத்திச் செருகிடுவா. திருத்தி முடிச்ச பரீட்சைப் பேப்பர் கட்டு, மடிச்சு வச்ச போர்வை, எல்லாமே இப்படித்தான். நான் ஒரு இடத்துல சும்மா நின்னா என்னையும் கட்டிடுவா."

"அந்த நல்ல காரியத்தை எப்போ செய்யப் போறாங்களாம்?"

வாலு என்பது அவன் வீட்டில் வைத்த பெயர் அல்ல. எங்கே போனாலும் இன்சூரன்ஸ் அம்மாவின் பின்னாலேயே போவதாலும், போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராததாலும் ஊர் வைத்த பெயர். இன்சூரன்ஸ் அம்மாவின் கதையும் அதேதான். தீப்பிடித்த கடைகளுக்குள் போய், தீ தானாகப் பிடித்ததா முதலாளி பிடிக்க வைத்தாரா என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்வதே அவருடைய பழைய உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை எடுத்துத் துப்பறிகிறார். சாம்பலைக் கிளறிய விரல், சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இப்போது கிளற வந்திருப்பது ஒரு நகரசபை வார்டுத் தேர்தல். சேர்மனை எதிர்த்து நின்றவர் ஒரு தையல்காரம்மா. சொற்ப வித்தியாசத்தில் தோற்றார். ஓட்டு எண்ணிக்கையின்போது ஒரு மெஷின் மட்டும் வேலை செய்யவில்லை என்று தேர்தல் அதிகாரி ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியைக் கூட்டி முடிவை அறிவித்துவிட்டார். ஒதுக்கிய மெஷினில் இருந்த ஓட்டு, தோற்ற வித்தியாசத்தைவிட அதிகம். அதுவும் தையல்காரம்மாவின் கடை இருக்கும் தெருக்களின் ஓட்டு.

தேர்தலை மேற்பார்க்க வெளியிலிருந்து வந்திருந்த பார்வையாளரிடம் தையல்காரம்மா முறையிட்டார். அவர் மனிதர் நேர்மையானவர்தான். ஆனால் சட்டப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர். "அதிகாரி பழுதுன்னு சொல்றார். மேஜையில இருந்த டீச்சரும் ஒத்துக்கிட்டிருக்காங்க. சும்மா திறக்க முடியாதும்மா. சந்தேகப்பட ஒரே ஒரு காரணம் காட்டுங்க, திறக்கறேன். இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். அப்புறம் எல்லா மெஷின்லயும் இருக்கற ஓட்டை அழிச்சு அடுத்த தேர்தலுக்கு அனுப்பணும்," என்றுவிட்டார். வேட்பாளர் சார்பில் இரண்டு பேர் மெஷின்கள் இருக்கும் அறைக்குள் போய்ப் பார்க்கலாம். எதையும் தொடக் கூடாது.

தையல்காரம்மா சார்பில் அந்த ஒரே ஒரு காரணத்தைத் தேடித்தான் இருவரும் சாவிக்காகக் காத்திருந்தார்கள்.

சாவி காரில் வந்தது. தேர்தல் அதிகாரியைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் கதையைத் தொடரலாம் என்று எனக்கும் ஆசைதான். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மனிதர் சேர்மனின் காரிலிருந்து இறங்கினார்.

"என் வண்டி பஞ்சர்," என்றார், யாரும் கேட்காமலேயே.

"நாலு சக்கரமுமா சார்?" என்று அக்கறையாக விசாரித்தான் வாலு.

அதிகாரி பூட்டுக்குள் சாவியை நுழைத்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் இரண்டாவது பூட்டைத் திறந்தார்.

"எண்ணிக்கை அன்னிக்கு மத்த மேஜைப் பக்கமெல்லாம் நீங்க எட்டிக்கூடப் பாக்கலையாம்," என்றார் இன்சூரன்ஸ் அம்மா. "இந்த மெஷின் வந்தப்ப மட்டும் வந்து நின்னீங்களாம். கம்பி வலைக்கு வெளியில இருந்த எங்க ஏஜென்டுக்கு உங்க முதுகைத் தவிர வேற எதுவும் தெரியலையாம்."

"பழுதான மெஷின். அதிகாரி வரத்தானே வேணும்?"

"பழுதுன்னு தெரியறதுக்கு முன்னாலயே வந்துட்டீங்களே, அதான் கேட்டேன். அந்த மேஜையில இருந்த டீச்சர் யாரு?"

"ஊழியர் விவரமெல்லாம் வெளியில சொல்றதில்லம்மா. பாதுகாப்பு."

"யாருக்கு சார்?" என்றான் வாலு.

உள்ளே இரும்பு அலமாரிகளில் பெட்டி பெட்டியாக மெஷின்கள். ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடியிலும் வாக்குச்சாவடி எண் எழுதிய அட்டை ஒன்று கயிற்றில் தொங்கியது. மூலையில் கேமரா இருந்தது. அதற்குத் துணி போர்த்தியிருந்தது.

"தூசி படக் கூடாதுன்னு," என்றார் அதிகாரி.

"நல்லதாப் போச்சு. நான்கூடக் குளிருக்கோன்னு நெனச்சேன்," என்றான் வாலு. போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

ஒதுக்கப்பட்ட மெஷின் தனியாக, ஜன்னலோரம் ஒரு மேஜையில், சிவப்பு ஸ்டிக்கரோடு இருந்தது. இன்சூரன்ஸ் அம்மா அதைப் பார்க்கவில்லை. அலமாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடந்தார். தீப்பிடித்த கடையில் எரிந்த இடத்தைப் பார்க்கிறவன் முட்டாள், எரியாத இடத்தைப் பார் என்பது அவர் கட்சி. போலீஸ்காரரிடம் காவல் முறை பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே அறையின் அந்தக் கோடிக்குப் போனார். அதிகாரியின் கைபேசி அடித்தது. எடுத்ததும் அவர் குரல் குழைந்ததிலிருந்து பேசுவது சேர்மன் என்று தெரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வாலு ஒரு அலமாரியின் முன்னால் நின்றான். ஏதோ ஒரு நல்ல நக்கல் நாக்கு நுனிக்கு வந்திருந்தது. அது அப்படியே நின்றுவிட்டது.

மற்ற அலமாரிகளில் அட்டைகள் இஷ்டத்துக்குத் தொங்கின. இந்த ஒரு அலமாரியில் மட்டும் எந்த அட்டையும் தொங்கவில்லை. ஒவ்வொரு கைப்பிடியிலும் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றி, அட்டையோடு உள்ளே செருகப்பட்டிருந்தது. எண்ணி முடித்தது எண்ணாததோடு கலந்துவிடக் கூடாதே என்று யாரோ பொறுப்பாகச் செய்திருந்தார்கள். எந்தச் சட்டமும் செய்யச் சொல்லாத வேலை.

யாரோ என்ன, யாரோ. அந்தக் கையை அவனுக்குத் தெரியும். அம்மா போன பிறகு அவன் தலையை வாரிவிட்ட கை.

"எனக்கு வேற இடத்துலடா எண்ணிக்கை," என்று அக்கா சொல்லியிருந்தாள். அவனும் நம்பியிருந்தான்.

மெதுவாகத் திரும்பி ஜன்னலோர மேஜையைப் பார்த்தான். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி. அதன் கைப்பிடியிலும் கயிறு இரண்டு சுற்று, அட்டை உள்ளே.

வேலை செய்யாத மெஷின் என்றால் எண்ணியிருக்க முடியாது. எண்ணாததற்கு அக்கா கயிறு சுற்ற மாட்டாள். அப்படியென்றால் மெஷினில் விளக்கு எரிந்திருக்கிறது. அக்கா எண்ணைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

இதுதான் அவர்கள் தேடி வந்த ஒரே ஒரு காரணம். இதை வெளியே சொன்னால் தையல்காரம்மாவுக்கு நியாயம் கிடைக்கும். கயிறு யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். அக்காவின் வேலை போகும், ஜெயில்கூட வரலாம். வாலு சுற்றிலும் பார்த்தான், அதிகாரி சுவரோடு பேசிக்கொண்டிருந்தார், மேடத்தின் முதுகு தெரிந்தது. கை தானாக நீண்டது. ஒரே இழுப்பு. அட்டை வெளியே விழுந்து, மற்ற அட்டைகளைப் போலவே, அப்பாவியாகத் தொங்கியது.

"என்னடா, சிவப்பு ஸ்டிக்கரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?" என்றார் இன்சூரன்ஸ் அம்மா, திரும்பி வந்து.

"இல்ல மேடம்."

"சரி, போலாம்."

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினான் வாலு. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். பார்க்கப் பிடிக்காமல் கண்ணாடியைத் திருப்பி வைத்தான். பின்னால் உட்கார்ந்த இன்சூரன்ஸ் அம்மா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க போகணும் மேடம்? ஆபீசுக்கா?"

"ஸ்கூலுக்கு."

"எந்த ஸ்கூல்?"

"உங்க அக்கா ஸ்கூல்."

வண்டி ஓரமாக நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

"எப்படித் தெரியும்?"

"கயிறைப் பாத்ததும் எனக்கு இந்தப் பைதான் ஞாபகம் வந்துது. ஆனா நிச்சயமாத் தெரியல. ரெண்டு சுத்து யார் வேணாலும் சுத்தலாம். நீ வாயை மூடிக்கிட்டே பாரு, அப்போ நிச்சயமாச்சு. எரிஞ்சு கிடக்கற கடையிலயே நீ நக்கல் அடிப்பே. அந்த அறையில என்னடா இருந்துது உன் வாயை அடைக்க?"

வாலு தலையைக் குனிந்துகொண்டான். "அவுத்துட்டேன் மேடம்."

"பாத்தேன். நீ கையை நீட்டறப்பத்தான் திரும்பினேன்."

"பாத்தீங்களா? பாத்துட்டு ஏன் தடுக்கல?"

இன்சூரன்ஸ் அம்மா விரலில் சுற்றிய கயிற்றை அவிழ்த்தார். "தடுத்திருக்கணும்," என்றார். "நீ என்ன செய்யப் போறேன்னு பாக்கணும்னு ஒரு கெட்ட ஆசை. இந்தத் தொழில் பிடிச்ச நோய் அது. அந்தம்மாவோட ஓட்டு அந்தக் கயிறுலதான் தொங்கிட்டிருந்துது, நான் வேடிக்கை பாத்துட்டு நின்னேன். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. வண்டியை எடு."

பள்ளியில் மதிய இடைவேளை முடிந்திருந்தது. ஆசிரியர் அறையில் அக்கா மட்டும் இருந்தாள். நீளமான மேஜை, அதன் மேல் திருத்தி முடித்த பேப்பர் கட்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்றுக் கயிறு. தம்பியையும் அவன் பின்னால் இன்சூரன்ஸ் அம்மாவையும் பார்த்ததும் அக்கா எழுந்து நின்றாள். பயப்படுவாள் என்று எதிர்பார்த்தான் வாலு. அவள் முகத்தில் பயம் இல்லை, எதிர்பார்த்தது வந்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

"பாத்துட்டியா?" என்றாள். "உக்காருங்க மேடம். எப்போ வருவீங்கன்னு காத்துட்டே இருந்தேன்."

வாலுவுக்குப் புரியவில்லை. "என்ன சொல்றே?"

"அந்த மெஷின் நல்லா எரிஞ்சுதுடா. பச்சை லைட் வந்துது, எண்ணும் வந்துது. நான் வாசிக்க வாயைத் திறக்கறேன், அதிகாரி குறுக்க வந்து நின்னு சுவிட்சை அணைச்சுட்டாரு. 'இது வேலை செய்யல. அப்படித்தானே டீச்சர்?'னாரு."

"மிரட்டினாரா?" என்றார் இன்சூரன்ஸ் அம்மா.

"அப்படி மிரட்டியிருந்தாக்கூட எனக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும் மேடம். காசு குடுக்கல, கோபமாக்கூடப் பேசல. சாதாரணமாத்தான் கேட்டாரு. 'ஆமா சார்'னுட்டேன். ஹெட்மாஸ்டர், இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க, எல்லாருக்கும் 'ஆமா சார்' சொல்லிச் சொல்லியே பழகின வாய். சொன்னதுக்கு அப்புறம்தான் என்ன சொன்னேன்னே உறைச்சுது. கிளாஸ்ல பொய் சொல்ற பிள்ளைய எழுந்திரிச்சு நிக்க வைக்கறவ நான்."

"அப்புறம் பழக்க தோஷத்துல கயிறைச் சுத்திட்டே," என்றான் வாலு. குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"பழக்கமில்லடா. தெரிஞ்சேதான் சுத்தினேன்."

அக்கா கையருகே இருந்த கட்டின் கயிற்றை விரலால் தடவினாள்.

"வாய்தான் பொய் சொல்லிடுச்சு, கையாவது உண்மையைச் சொல்லட்டும்னு சுத்தினேன். யார் பாப்பாங்க, யாருக்குப் புரியும்னு அப்போ தெரியல. அப்புறம் இந்தக் கேஸ் உங்க மேடம்கிட்ட வந்திருக்குன்னு நீ வந்து சொன்னே. அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். உலகத்துல வேற யார் கண்ணுல படலைன்னாலும் என் தம்பி கண்ணுல படாமப் போகாது. தினம் அவுத்துச் சாப்பிடறவன் ஆச்சே."

வாலு நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிட விழுந்தான் என்பது சரி.

"வீட்டுலயே சொல்லியிருக்கலாமேக்கா."

"வெக்கத்துல முதல்ல வேற இடம்னு சொல்லிட்டேன். அப்புறம் சோறு போடும்போதெல்லாம் வாயைத் திறந்தேன். நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சுட்டே இருந்தே. உன் சிரிப்பைக் கெடுக்க மனசு வரல. என் மேலயும் தப்புதான்."

"அவுத்துட்டேன்," என்றான்.

"எதை?"

"அந்தக் கயிறை. உனக்கு ஏதாவது ஆயிடும்னு நானே அவுத்துட்டேன்."

அக்கா அவனைப் பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் அருகில் வந்து, சின்ன வயதில் செய்ததுபோல அவன் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

"நீ செஞ்சது எனக்காக. நான் செஞ்சது யாருக்காகன்னு எனக்கே தெரியல."

இன்சூரன்ஸ் அம்மா நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துக்கொண்டார். "டீச்சர், உள்ளதைச் சொல்லிடறேன். அந்தக் கயிறு இருந்திருந்தா, கூடிய மட்டும் உங்க பேரை இழுக்காம மெஷினைத் திறக்க வச்சிருப்பேன். இப்போ காட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. உங்க வாயைத் தவிர."

"வேலை போயிடும் இல்லையா?"

"போகலாம்."

அக்கா மேஜையில் மிச்சமிருந்த ஒரே ஒரு கட்டைப் பார்த்தாள். பாதிதான் திருத்தியிருந்தாள். அதைக் கட்டாமல் அப்படியே விட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

பார்வையாளரின் அறையில் முதலில் பேசியது வாலுதான். தொடக் கூடாததைத் தொட்டேன், காரணம் இது என்று ஒரு நக்கலும் இல்லாமல் சொன்னான். பார்வையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். "இது குற்றம், தெரியுமா?" என்றார். "தெரியும் சார்," என்றான். அப்புறம் அக்கா ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பார்வையாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "இங்க வேணாம். அதிகாரி முன்னால சொல்லுங்க."

மறுபடி அதே மெஷின் அறை. வெயில் ஜன்னலுக்குச் சரிந்திருந்தது. தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு, கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். தேர்தல் அதிகாரி மட்டும் பதறவில்லை. அக்காவைப் பார்த்தார், ஒரு நொடி யோசித்தார், சிரித்தார்.

"சார், வேலை செய்யலன்னு நானா சொன்னேன்? மேஜைக்குப் பொறுப்பு டீச்சர். அவங்க சொன்னாங்க, நான் ஏத்துக்கிட்டேன்." அக்காவின் பக்கம் திரும்பினார். அன்றைக்குக் கேட்ட அதே சாதாரணக் குரல். "அப்படித்தானே டீச்சர்?"

"ஆமா சார்," என்றாள் அக்கா.

வாலு கண்ணை மூடிக்கொண்டான். தையல்காரம்மாவின் கை நாடாவை இறுக்கிப் பிடித்தது. இன்சூரன்ஸ் அம்மாகூடத் தரையைப் பார்த்தார்.

"ஆமா சார், நான்தான் சொன்னேன்," என்று தொடர்ந்தாள் அக்கா. "சொன்னது பொய். மெஷின் எரிஞ்சுது. நீங்க மறைச்சு நின்னு அணைச்சீங்க. நீங்க கேட்டீங்க, நான் ஆமான்னேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. இப்போ சுவிட்சைப் போடுங்க சார், எரியும்."

கடைசி வாக்கியம் பார்வையாளருக்கு. அவர் அரக்கு முத்திரையை உடைத்து, மூடியைத் திறந்து, சுவிட்சைத் தள்ளினார்.

பச்சை விளக்கு எரிந்தது. ஒரு தகராறும் செய்யவில்லை, மெஷின் பாட்டுக்கு எரிந்தது. எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. பார்வையாளர் உரக்க வாசித்தார். சேர்மனின் சின்னத்துக்கு வந்த எண்ணைக் கேட்டு அதிகாரி கைபேசியைத் தேடினார். தையல்காரம்மாவின் சின்னத்துக்கு வந்த எண்ணைக் கேட்டதும் எடுத்த கைபேசியைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டார். யாரும் கூட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. தையல்காரம்மா அழுதார். நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் கையைப் பிடிக்க வந்தார். அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. உங்களை இத்தனை நாள் தோத்தவங்களா நடமாட விட்டவ நான்."

"உங்க மேலயும் நடவடிக்கை இருக்கும் டீச்சர்," என்றார் பார்வையாளர், மென்மையாக.

"தெரியும் சார்."

பார்வையாளர் புது முத்திரை வைத்துப் பெட்டியை மூடினார். அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கை அதை நோக்கித் தானாகப் போனது, பாதியில் நின்றது. இனி அது அவள் வேலை இல்லை என்று கைக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"அவுத்தவரே கட்டட்டும்," என்றார் பார்வையாளர்.

வாலு முன்னால் வந்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினான், இன்னொரு சுற்று. அட்டையை உள்ளே செருகப் பார்த்தான், நழுவியது. மறுபடி சுற்றினான், மறுபடி நழுவியது. அக்கா சொல்லிக்கொடுக்கவில்லை, உதவிக்கும் வரவில்லை. இத்தனை வருடம் அவள் கட்டியதையெல்லாம் அவிழ்க்க மட்டும்தான் அவன் கற்றுக்கொண்டிருந்தான்.